மதிப்பீடு

மஞ்சள் அடித்துக் காயவிட்டு
கறுப்பில் எழுதுவேன்.
பணியின் பெயர்: கீழப்பொத்தை ஓடையில் சிறுபாலம் அமைத்தல்.
மதிப்பீடு: நாலு லட்சத்து எண்பத்தைந்தாயிரம்.
நீளம், அகலம், பணி முடிந்த நாள்.
வலது மூலையில் பொடியாக
ஞானதுரை ஆர்ட்ஸ்.
ஒரு பலகைக்கு முந்நூற்றைம்பது கூலி,
பெயின்ட் என்னுது.

சிமெண்டுப் பலகையை நட்டதும் நான்தான்.
கொத்தனாரைக் காணுமே என்றேன்.
"பாலம் வந்தாத்தானவே கொத்தன் வரணும்" என்றார்
தலைவர் சொரிமுத்து,
சிரிக்காமல்.
ஓடை அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது,
முட்டளவு, தெளிந்த தண்ணீர்.
அயிரைக் குஞ்சுகள் என் நிழலுக்கு ஒதுங்கின.

தப்பாகச் சொல்லக்கூடாது.
நல்லது கெட்டதுக்கு வந்து நிற்கிற மனுசன்.
என் மகள் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது
ராத்திரி ஒரு மணிக்கு வந்து
சட்டைப்பையில் பத்தாயிரம் திணித்துவிட்டுப் போனார்.
அது எந்த ஓடையின் பாலம்
எந்தத் தெருவின் விளக்கு என்று
நான் கேட்கவில்லை.
பிள்ளை பிழைத்துக்கொண்டாள்.

பிறகு வரிசையாக எழுதினேன்.
ஆடுமாடு குடிக்கத் தொட்டி.
சுடுகாட்டுப் பாதைக்குச் சல்லி.
ஆழப்படுத்திய ஊருணி. அதில்
ஆட்டுப் புழுக்கைகூட பழைய இடத்தில்தான் கிடந்தது.
"ஒம்ம எழுத்துல ஒரு நம்பிக்கை வருதுவே" என்பார்.
எனக்கும் கொஞ்சம் கர்வம்தான்.

போட்டோவுக்கு, பலகையைப் பெயர்த்து
பைக்கில் குறுக்கே வைத்து
வீரவநல்லூர் பக்கம் யாரோ கட்டிய பாலத்தடியில் நிறுத்துவோம்.
ஓவர்சியர் குனிந்து டேப் பிடிப்பார்.
செல்போன் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்று ஆனபிறகு
நம்ம ஓடையிலேயே ராத்திரியில் எடுத்தோம்.
இருட்டில்
எல்லா ஓடையிலும் பாலம் இருக்கலாம்.

ஒருதரம், ஏழு பலகை எழுதி
எட்டுக்குக் கூலி கேட்டேன்.
தலைவர் என்னையே பார்த்தார்.
"நீரும் படிச்சிட்டீரேவே."
எட்டுக்கும் கொடுத்தார்.
அந்த முந்நூற்றைம்பதில்
டர்பன்டைனும் அரைக்கிலோ கோழியும் வாங்கினேன்.
ருசியாகத்தான் இருந்தது.

ஐப்பசியில் ஓடை இடுப்புக்கு ஏறியது.
பிசான நடவுக்கு நாற்றுக்கட்டோடு இறங்கிய சேர்மக்கனி
கால் பறிந்து
பிடிக்க ஒன்றும் இல்லாமல்
பலகையைப் பிடித்தாள்.
நாற்று போயிற்று.
நாலு லட்சத்து எண்பத்தைந்தாயிரத்தைக் கட்டிக்கொண்டு
நாங்கள் கயிறு வீசும்வரை நின்றாள்.
கரையேறி, இருமி, முடியைப் பிழிந்து
என்னைத் தேடிப் பார்த்துச் சொன்னாள்:
"உறுதியாத்தான் நட்டிருக்கிய, அண்ணாச்சி."

மாசியில் தணிக்கைக்கு ஒரு பெண் வந்தாள்.
செய்யதலி பாத்திமா, மேலப்பாளையத்துப் பிள்ளை.
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
இல்லாத பாலத்தை நடந்தே கடந்தாள்.
திரும்பி வந்து
பலகையின் முன் உட்கார்ந்தாள்.
கான்ட்ராக்டர் பெயர் இல்லை, என்ஜினீயர் பெயர் இல்லை.
மூலையில் விரல் வைத்தாள்.
"ஞானதுரை ஆர்ட்ஸ் யாரு?"

தலைவர் என்னைப் பார்த்தார்.
கிளார்க் பொத்தையைப் பார்த்தார்,
அதன் உச்சியில் ஏதோ சோலி இருப்பதுபோல.
"எழுத்து என்னுது" என்றேன்.
"மிச்சம்?"

மிச்சம் சொல்ல அரைமணி நேரம் ஆயிற்று.
ராத்திரி போட்டோ, பைக், எட்டாவது பலகை.
"கோழியுமா?" என்று கேட்டுவிட்டு
அதையும் எழுதினாள்.
நல்ல கை. ழகரத்துக்குச் சுழி
இழுத்த இடத்தில் விழுந்தது.

எல்லாம் சொன்னேன்.
ஐகிரவுண்டை மட்டும் சொல்லவில்லை.